ரேம் கூட்டிய பிறகு கிளம்பாமல் போன லேப்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த லேப்டாப்பின் சொந்தக்காரர் நாட்டுப்புறவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர். ஒப்பாரிப் பாடல்கள்தான் ஆய்வுப் பொருள். சில ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள், அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிய பாடல் வரிகள், ஆய்வேட்டின் இயல்கள் எல்லாம் இந்த ஒரே இயந்திரத்தில் இருந்தன. பழைய பதிவுகளில் ஒரு பகுதி மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தது. பாடிக் கொடுத்த பாட்டிமார்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. "மறுபடி பதிவு பண்ணிக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் இருவரில் நான் ஒருவன். வெளியில் பழுதுபார்க்கப் போன லேப்டாப், சரியாகாமல் திரும்பி எங்களிடம் வந்தது. ஆட்கள், கடை, ஊர் எதையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இயந்திரம் சாதாரணமானதுதான்: 11ஆம் தலைமுறை இன்டெல் செயலி, போர்டிலேயே பற்றவைத்த 8 ஜிபி ரேம், அதற்குப் பக்கத்தில் காலியாக ஒரு ஸ்லாட், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வட்டு, விண்டோஸ் 11 ஹோம். படங்கள் நிறைந்த வேர்டு கோப்பு, ஒலித் திருத்தும் மென்பொருள், பிரௌசர் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் திணறியதால், உள்ளூர்க் கடை ஒன்றில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்றை வாங்கிக் காலி ஸ்லாட்டில் போட்டிருக்கிறார். விண்டோஸ் 16 ஜிபி என்று காட்டியது. வேகமும் கூடியது. இரண்டு நாள் கழித்து முதல் நீலத்திரை, அதாவது விண்டோஸ் ஓட முடியாமல் விழும்போது காட்டும் பிழைத்திரை.

கடைக்குப் போவதற்கு முன்

ஆரம்பத்தில் எப்போதாவது வந்தது. பிறகு காலையில் பவர் பட்டனை அழுத்தினாலே, விண்டோஸ் சின்னம் வந்து சுற்றிக்கொண்டிருக்கும்போது நீலத்திரை. அவர் சொன்னதில் ஒன்றை அப்படியே குறித்துக்கொண்டோம்: "அண்ணா, ரீஸ்டார்ட் கொடுத்தா பாதி நேரம் வந்துடும். ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுக் காலையில போட்டாத்தான் வராது."

கேட்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் இல்லை. கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதியின்) அப்போதைய நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த முறை அதையே நினைவகத்துக்குத் திரும்ப ஏற்றும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆக, எழுதிவைத்த நிலையே கெட்டுப்போயிருக்கலாம், அல்லது ஏற்றும்போது கெடலாம் என்று ஒரு சந்தேகம் அப்போதே எழுந்தது.

இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தார். நீலத்திரை வந்தபோதெல்லாம் ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தார். முதல் படத்தில் மெமரி மேனேஜ்மென்ட், அடுத்ததில் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல், அதற்கடுத்ததில் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா, பிறகு மறுபடி மெமரி மேனேஜ்மென்ட் என்று பிழைக் கோட் மாறிக்கொண்டே போனது.

தனி ஒரு பிழைக் கோட் மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான அப்டேட், உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைத் தொடக்கத்திலேயே விழவைத்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அன்று பல திரைகளில் தெரிந்ததும் இதே பேஜ் ஃபால்ட்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் அதே கோட், அதே டிரைவர் கோப்பு. மென்பொருள் பழுது பெரும்பாலும் இப்படி ஒரே இடத்தில்தான் இடறும். இந்த லேப்டாப் ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் இடறிக்கொண்டிருந்தது. அப்படி என்றால் முதலில் ரேமைத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் நடந்தது

ரேம் போட்ட அதே கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் கருவியை ஒருமுறை ஓட்டினார்கள். பிழை எதுவும் காட்டவில்லை. "ரேம் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸ்தான் கரப்ட், ஃபார்மட் போட்டுடலாம்" என்று முடிவு செய்து, ஸ்டார்ட்அப் ரிப்பேரைச் சில முறை ஓட்டிப் பார்த்து, அது பலிக்காததால் பென்டிரைவிலிருந்து புதிதாக விண்டோஸ் ஏற்றத் தயாரானார்கள். அந்த நேரத்தில் இவர் ஃபோன் செய்து, "அண்ணே, உள்ள இருக்கிறது எனக்கு வேணும், ஃபார்மட் மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அங்கேயே நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார். பணமும் வாங்கவில்லை.

கடையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாளுக்குப் பத்து இயந்திரம் வரும் இடத்தில் ஃபார்மட் என்பது பாதிப் பேருக்குப் பலிக்கும் வைத்தியம். ஆய்வாளர் சொன்ன சொல்லைக் கேட்டுக் கடைக்காரர் நிறுத்தியதால்தான் இந்த ஆய்வுக்கே வேலை இருந்தது.

எங்களிடம் வந்தபோது

பவர் போட்டதும் நீலத்திரைதான், ஆனால் பழைய வகை இல்லை. பிட்லாக்கர் மீட்புத் திரை 48 இலக்க ரிகவரி கீ கேட்டது. "இதுக்கு முன்னாடி இப்படிக் கேட்டதே இல்லையே" என்றார் ஆய்வாளர். பிட்லாக்கர் என்ற பெயரையே அவர் அன்றுதான் கேள்விப்பட்டார்.

இது பலருக்கும் தெரியாத சங்கதி. தகுந்த வன்பொருள் இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல்முறை உள்ளே போனால், விண்டோஸ் ஹோமிலும் சாதன மறையாக்கம் (வட்டில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பிட்லாக்கர் பூட்டிவைப்பது) தானாகவே இயங்கத் தொடங்கும். 24எச்2 பதிப்பிலிருந்து அதற்கான நிபந்தனைகள் இன்னும் தளர்த்தப்பட்டிருக்கின்றன. அன்றாடம், சாவியைப் பாதுகாக்கும் டிபிஎம் சிப் சத்தமில்லாமல் பூட்டைத் திறந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. தொடக்கச் சூழலில் ஏதாவது மாறினால்தான் அது திறக்க மறுத்து, கீயைக் கேட்கும்.

ஆகவே எங்களுக்கு அந்தத் திரை சொன்ன சேதி இது: கடைக்குப் போய் வந்த இடைவெளியில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புகளில்) யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். பழைய பழுதின் மேல் புதிதாக ஒன்று ஏறியிருக்க வாய்ப்பு உண்டு.

முதல் முடிவு: இயந்திரத்தை அணைத்து வைப்பது

அடுத்து என்ன செய்வது என்று எங்கள் இருவருக்குள் பேச்சு நடந்தது. கூட வேலை செய்பவர், கீயைத் தேடிப் போட்டுவிட்டு சேஃப் மோடில் நுழைந்து கோப்புகளை வெளியே எடுக்கலாம் என்றார். சீக்கிரம் முடியும் வழி அது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வட்டில் எழுதப்படும் எதுவும் ரேம் வழியாகத்தான் போகும். ரேம் கெட்டிருந்தால், நல்ல கோப்பைப் படித்துக் கெட்ட கோப்பாக எழுதும். கோப்புகளை நகலெடுத்தால் நகல் கெடும். வட்டின் பிழைகளைத் திருத்தும் செக் டிஸ்க் ஓட்டினால், அது கோப்பு முறைமையின் குறிப்புகளையே தப்பாகப் படித்து, தப்பாகத் "திருத்தி" வைக்கலாம். தொடர்ந்து கிளம்பாமல் போனால் விண்டோஸ் தானாகவே ஆட்டோமேட்டிக் ரிப்பேருக்குள் போகும், அதற்குள்ளும் வட்டைத் திருத்தும் வேலைகள் உண்டு. ரேம் சந்தேகத்தில் இருக்கும்வரை இந்த இயந்திரத்தில் வட்டைச் செருகி ஓட்டுவது ஒவ்வொரு முறையும் ஒரு சூதாட்டம்.

சரி, முதலில் எஸ்எஸ்டியைக் கழற்றிவிடலாம், தரவை வேறு கணினியில் எடுக்கலாம், வட்டு இல்லாத லேப்டாப்பில் ரேம் சோதனையை ஓடவிடலாம் என்று முடிவாயிற்று. இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பது கூடுதல் வசதி.

கீயைத் தேடியது

எஸ்எஸ்டியை வேறு கணினியில் செருகினால் டிபிஎம் துணைக்கு வராது. ரிகவரி கீ இருந்தே ஆக வேண்டும். ஆய்வாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்தால் சாதனம் என்று எதுவுமே பதிவில் இல்லை. ஒரு நிமிடம் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது.

யார் முதலில் இந்த லேப்டாப்பைத் திறந்து அமைத்தது என்று கேட்டதில், "தம்பிதான் வாங்கிட்டு வந்து எல்லாம் போட்டுக் கொடுத்தான்" என்றார். அப்படியானால் கீ தம்பியின் கணக்கில்தான் இருக்கும். முதலில் நிர்வாகியாக நுழைந்தவரின் கணக்குக்குத்தான் அது போய்ச் சேரும். வெளியூரில் இருந்த தம்பியை ஃபோனில் பிடித்தோம். அவர் கணக்கில் அவருடைய சொந்த இயந்திரத்தின் கீயும் சேர்ந்து ஒன்றுக்கு மேல் இருந்தது. மீட்புத் திரையில் தெரிந்த கீ அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டு, சரியானதைத் தேர்ந்தெடுத்தார்.

48 இலக்கத்தையும் ஃபோனில் படித்தார். எட்டுத் தொகுதி, தொகுதிக்கு ஆறு இலக்கம். இதில் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கால்குலேட்டரில் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்ததில் ஐந்தாவது மட்டும் மீதி விட்டது. மறுபடி கேட்டபோது பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறியிருந்தது தெரிந்தது.

தரவை வெளியே எடுத்தது

கழற்றிய எஸ்எஸ்டியை யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு, ஆய்வகத்தில் பழுதில்லாமல் ஓடும் லினக்ஸ் கணினியில் செருகினோம். முதலில் எஸ்எஸ்டியின் உடல்நிலை: ஸ்மார்ட் அறிக்கையில் தரவுப் பிழை எண்ணிக்கை பூஜ்யம், தேய்மானமும் குறைவு. வட்டில் குற்றமில்லை.

அடுத்து, பூட்டைத் திறக்காமலேயே முழு வட்டையும் டிடிரெஸ்க்யூ கொண்டு அப்படியே 1 டிபி வெளி வட்டில் படிவமாக (வட்டு முழுவதன் நகலாக அமைந்த ஒரே கோப்பாக) எடுத்தோம். பிறகு எஸ்எஸ்டியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் படிவத்தை மட்டும் கிரிப்ட்செட்அப் மூலம், படிக்க மட்டும் என்ற அனுமதியோடு திறந்தோம். இதற்குக் கூடுதலாகச் சில மணி நேரம் ஆயிற்று. ஆனால் பின்னால் எது தப்பாகப் போனாலும் திரும்பி வந்து நிற்க ஓர் இடம் கிடைத்தது.

கோப்புகள் தெரிந்தன. ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கோப்புறைகள் வேண்டும் என்று காட்ட, அவை தனி வட்டில் நகலாகின. கூடவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்த மினிடம்ப் கோப்புகளையும் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு முறை விழும்போதும் விண்டோஸ் எழுதிவைக்கும் சிறு குறிப்புகள் அவை. அவற்றைத் திறந்து பார்த்ததில் ஒன்று கெர்னலைக் குற்றம் சாட்டியது, இன்னொன்று கிராபிக்ஸ் டிரைவரை, வேறொன்று என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையை. எல்லாவற்றிலும் மூத்த குறிப்பின் தேதி, ரேம் போட்டதற்கு இரண்டு நாள் பிந்தியது. அதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

ரேம் சோதனை

இதற்கிடையில் வட்டில்லாத லேப்டாப்பில் மெம்டெஸ்ட்86 ஓடிக்கொண்டிருந்தது. கடையில் ஓட்டிய விண்டோஸ் கருவியின் வழக்கமான சோதனை சீக்கிரம் முடிந்துவிடும். சூடேறினால் மட்டும் தலைகாட்டும் பழுது அதற்குச் சிக்காமல் போவது உண்டு. இங்கும் முதல் சுற்று சுத்தமாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன.

பிழை காட்டிய முகவரிகள் சிலவே. ஆனால் எல்லா முகவரிகளும் ஹெக்ஸ் முறையில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) 748 என்று முடிந்தன. இருக்க வேண்டிய மதிப்புக்கும் இருந்த மதிப்புக்கும் வித்தியாசம் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பிட், கடைசி பைட்டில் மூன்றாவது பிட். ஆய்வேடு எழுதும் பழக்கத்தில் ஆய்வாளர் இதைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டார். அந்தத் தாள் பிறகு பயன்பட்டது.

முகவரியை மட்டும் வைத்து எந்த ரேம் என்று சொல்ல முடியாது. இரண்டு சானலும் சேர்ந்து ஓடும்போது முகவரிகள் இரண்டிலும் மாறி மாறிப் பரவியிருக்கும். புதிய ரேமைக் கழற்றிவிட்டு, போர்டில் இருந்த 8 ஜிபியை மட்டும் வைத்து ஓட்டினோம். இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றும் பிழையில்லை. ஸ்லாட்டின் மேலும் சந்தேகம் இருந்ததால், கழற்றிய ரேமை ஆய்வகத்தின் வேறொரு லேப்டாப்பில் போட்டோம். அங்கேயும் பிழை. குற்றவாளி அந்த ரேம்தான், ஸ்லாட் இல்லை.

சரியாகிவிட்டது என்று நினைத்தபோது

புதிய ரேம் இல்லாமல், எஸ்எஸ்டியைத் திரும்பப் போட்டு, ரிகவரி கீயைக் கொடுத்தோம். பூட்டு திறந்தது, விண்டோஸ் சின்னம் வந்தது, நீலத்திரையும் வந்தது. இந்த முறை இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ். அணைத்துப் போட்டாலும் அதே. மறுபடியும் அதே.

"அப்போ ரேம் காரணம் இல்லையா?" என்று கேட்டார் ஆய்வாளர். நியாயமான கேள்வி. ஆனால் அவர் ஃபோனில் இருந்த படங்களில் இந்தக் கோட் ஒன்றில்கூட இல்லை. மினிடம்ப் கோப்பும் புதிதாக உருவாகவில்லை. வட்டையே அணுக முடியாதபோது குறிப்பை எங்கே எழுதும்? மாறி மாறி இடறிய இயந்திரம் இப்போது ஒரே இடத்தில், ஒரே மாதிரி இடறுகிறது. இது வேறு பழுது. பழைய சந்தேகத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தால், நல்ல ரேமையும் எஸ்எஸ்டியையும் சேர்த்து மாற்றிக்கொண்டிருந்திருப்போம்.

கடைக்கு ஃபோன் செய்து, பயாஸில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டோம். ஒளிக்காமல் சொன்னார். அவருடைய பென்டிரைவ் கிளம்பாததால் செக்யூர் பூட் என்ற, நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் பாதுகாப்பை அணைத்திருக்கிறார். விண்டோஸ் ஏற்றும் திரையில் எஸ்எஸ்டியே தெரியாததால் விஎம்டி என்ற அமைப்பையும் அணைத்திருக்கிறார். ஃபார்மட் வேண்டாம் என்று ஃபோன் வந்ததும் பென்டிரைவைப் பிடுங்கினார். அந்த இரண்டும் அணைத்தபடியே நின்றுவிட்டன.

11ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளில் இது அடிக்கடி நடப்பது. எஸ்எஸ்டி விஎம்டி வழியாக இணைந்திருக்கும். விண்டோஸ் ஏற்றும் கருவியில் அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் வட்டே இல்லை என்று காட்டும். விஎம்டியை அணைத்தால் வட்டு தெரிந்துவிடும், புதிதாக ஏற்றுவதற்கு அது போதும். ஆனால் விஎம்டி வழியாக ஏற்றப்பட்ட பழைய விண்டோஸ், தன் வட்டை அந்தப் பாதையிலேயே தேடும். பாதை மாறினால் பாதி வழியில் வட்டைத் தொலைத்துவிட்டு விழும்.

ஆக, கடைக்குப் பிந்திய இரண்டு அறிகுறிகளுக்கும் காரணம் தனித்தனியாகப் பிரிந்தது. செக்யூர் பூட் அணைந்ததால் பிட்லாக்கர் கீ கேட்டது. விஎம்டி அணைந்ததால் வட்டைக் காணவில்லை. பயாஸுக்குள் போய் இரண்டையும் இயக்கினோம். அடுத்த முறை பவர் போட்டபோது கீ கேட்கவில்லை, நேரே உள்நுழையும் திரை. டிபிஎம் மறுபேச்சில்லாமல் திறந்ததிலிருந்தே, தொடக்கச் சூழல் பழையபடி ஆகிவிட்டது உறுதியாயிற்று.

ரேம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் செக் டிஸ்க்கையும் விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையையும் ஓட்டினோம். சில சிஸ்டம் கோப்புகள் கெட்டிருந்ததாகவும் மாற்றிவிட்டதாகவும் எஸ்எஃப்சி சொன்னது. மறுமுறை ஓட்டியபோது குறை எதுவும் இல்லை.

சத்தமில்லாமல் கெட்ட கோப்புகள்

லேப்டாப் ஓடத் தொடங்கியதும் பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். என் பார்வையில் இந்த நிகழ்வின் முக்கியமான பகுதியே இனிமேல்தான்.

கெட்ட ரேம் இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறது. விண்டோஸ் விழுந்த நேரங்கள் கண்ணில் பட்டன. விழாத நேரத்தில் அந்த பிட் எந்தக் கோப்பில் புகுந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் தேட வேண்டிய எல்லையைச் சுருக்க முடியும். ரேம் போட்ட நாளுக்கு முன்பே வட்டில் எழுதி முடித்து, அப்புறம் தொடாத கோப்புகளுக்கு ஆபத்து இல்லை. அந்த நாளுக்குப் பிறகு உருவான, திருத்திய, நகலெடுத்த கோப்புகளை மட்டும் தேதி வாரியாகப் பிரித்தோம்.

அந்த இடைவெளியில் ஆய்வாளர் ஒரு ஊருக்குப் போய் வந்திருக்கிறார். பதிவுக் கருவியின் மெமரி கார்டிலிருந்து 41 ஒலிக்கோப்புகளை லேப்டாப்புக்கு மாற்றியிருக்கிறார். நல்லவேளை, கார்டை இன்னும் அழிக்கவில்லை. கார்டில் இருந்த மூலத்துக்கும் லேப்டாப்பில் இருந்த நகலுக்கும் ஷா-256 மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டோம். 38 ஒத்துப்போயின, 3 ஒத்துப்போகவில்லை.

மூன்றையும் பைட் பைட்டாக ஒப்பிட்டதில், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பைட்டுதான் மாறியிருந்தது. மூலத்தில் 31 என்றால் நகலில் 35. வேறொரு இடத்தில் 80, 84. எப்போதும் 4 வித்தியாசம், அதாவது மூன்றாவது பிட். மாறிய பைட்டின் இடமும் ஹெக்ஸில் 748 என்றே முடிந்தது. ஆய்வாளர் தன் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விண்டோஸ் கோப்புகளை 4096 பைட் கொண்ட பக்கங்களாகவே நினைவகத்தில் வைக்கும். அதனால் ரேமில் பக்கத்துக்குள் எந்த இடம் பழுதோ, கோப்பிலும் அதே இடம்தான் கெடும். இந்த மூன்று கோப்புகளைக் கெடுத்தது அந்த ரேம்தான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

வேவ் வகை ஒலிக்கோப்பில் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் குறியீடு கிடையாது. கெட்டாலும் சாதுவாகத் திறந்து பாடும். எடை குறைந்த பைட்டில் (ஒலியளவைக் குறிக்கும் எண்ணின் சிறு மதிப்புப் பகுதியில்) பிட் மாறினால் காதுக்கே தெரியாது, எடை கூடியதில் மாறினால் ஒரு சிறு 'டிக்'. மூன்றில் ஒன்றில் அது கேட்டது. பாட்டி மாரில் அடித்துக்கொண்டு பாடும் இடம் அது, மைக்கில் கை பட்டிருக்கும் என்று ஆய்வாளர் முன்பே நினைத்து விட்டிருந்தார்.

வேர்டு கோப்பு வேறு மாதிரி. டாக்ஸ் வகைக் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் பொதி. ஒவ்வொரு பகுதிக்கும் சிஆர்சி சரிபார்ப்பு உண்டு. அதனால் ஒரு பிட் மாறினாலும் கூச்சல் போடும். ஐந்தாம் இயலின் கோப்பு திறக்க மறுத்தது. நகல் ஒன்றின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பார்த்தோம். எழுத்து முழுவதும் இருந்த பகுதி நலமாக இருந்தது, புகைப்படம் ஒன்றில்தான் சிஆர்சி பிழை. அந்தப் படத்தை ஃபோனில் இருந்த மூலத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்ததும் இயல் முழுசாகத் திறந்தது. நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பழைய வடிவத்துக்குப் போயிருந்தால், அதற்குப் பின் எழுதிய பக்கங்களெல்லாம் போயிருக்கும்.

கிடைத்த முடிவு

ஒலிக்கோப்புகள் மூன்றும் கார்டிலிருந்து மறுபடி நகலாகி, ஷா-256 ஒத்துப்போன பிறகே வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றைக் கெட்ட நகலிலிருந்து வெட்டித் திருத்தியிருந்ததால், அந்த வேலையை மட்டும் ஆய்வாளர் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. கடைக்காரர் ரேமை உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார். மாற்று ரேமை உடனே கொடுத்துவிடாமல் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்டில் விட்டு, பிழை வராததைப் பார்த்த பிறகுதான் எஸ்எஸ்டியைச் செருகினோம். ஆய்வேடு குறித்த தேதிக்குள் போய்விட்டது.

இனி மாறப்போவது

ரேம் கூட்டினால், விண்டோஸ் 16 ஜிபி என்று காட்டுவதை வைத்து வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இரவு முழுக்கச் சோதனை ஓடிய பிறகே இயந்திரம் வெளியே போகும். ஆய்வகத்துக்கு வரும் எந்த லேப்டாப்பாக இருந்தாலும், தொடுவதற்கு முன் பயாஸ் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து வைப்பதும் வழக்கமாகிவிட்டது. செக்யூர் பூட், விஎம்டி, வட்டு முறை மூன்றும் அதில் தெரிய வேண்டும். அந்தப் படம் இருந்திருந்தால், கடைக்காரரின் ஞாபகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ரிகவரி கீ விஷயத்தில் துறை முழுவதற்கும் ஒரு நாள் ஒதுக்கினோம். ஒவ்வொருவரும் தங்கள் லேப்டாப்பில் மறையாக்கம் இயங்குகிறதா, கீ யார் கணக்கில் இருக்கிறது என்று பார்த்து, தாளில் அச்செடுத்து வீட்டில் வைக்கச் சொன்னோம். அண்ணன், தம்பி, மாமா, விற்ற கடைக்காரர் என்று பிறர் கணக்கில் கீ மாட்டியிருந்தவர்கள் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். ஒருவருக்கு வேலையை விட்டுப்போன பழைய நிறுவனத்தின் கணக்கில் இருந்தது. மறையாக்கத்தை நீக்கி, சொந்தக் கணக்கோடு மறுபடி இயக்கிக் கொடுத்தோம்.

களப்பதிவு செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கார்டிலிருந்து இரண்டு இடத்துக்கு நகலெடுத்து, மூன்றின் ஷா-256 மதிப்பையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத கோப்பின் பெயரைக் காட்டும். அதற்குமுன் கார்டை அழிக்கக் கூடாது.

மாற்று ரேமை வாங்கப் போனபோது விஎம்டி விவகாரத்தைக் கடைக்காரரிடமும் விளக்கினோம். அணைப்பதற்குப் பதில், விண்டோஸ் ஏற்றும் திரையிலேயே விஎம்டிக்கான இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரைக் கொடுத்தால் வட்டு தெரியும் என்று செய்து காட்டினோம். அவருடைய பென்டிரைவில் இப்போது அந்த டிரைவர் தனிக் கோப்புறையில் இருக்கிறது.